சோறு முளைக்குமா?

தோட்டத்து ஆபீஸ் வாசலில் சிமெண்டுத் தரை. அதன்மேல் வரிசையாக நான்கு பால் டின்கள். நான்கும் துருப்பிடித்தவை, உள்ளே ஈரமண். டின்களுக்கு இந்தப் பக்கம் டீச்சர்களான நானும் சரிபாவும் நின்றோம். எங்கள் பாவாடையையும் சாரோங்கையும் பிடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். அந்தப் பக்கம் துப்பாக்கி மாட்டிய ஒரு மலாய்க்கார சார்ஜன், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என் அப்பா.

அப்பா அந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. துரைமார் பேசுவதைத் தமிழில் சொல்லவும், நம்மவர் பேசுவதை இங்கிலீஷில் சொல்லவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. காலை நேரம்தான், வெயில் இன்னும் ஏறவில்லை.

"வேலிக்கு வெளிய அரிசிய யாரு பொதச்சதுன்னு கேக்கறாரு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

வாசலுக்கு அப்பால் ஐந்தாறு ஆண்கள் கைகளைப் பிடரியில் கோத்துக் குந்தியிருந்தார்கள். வேலியை ஒட்டிய லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் மாரிமுத்து, என் வகுப்பு வள்ளியின் அப்பா. வள்ளி என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப் போயிற்று.

வேலிக் காலம்

வேலிக்கு வெளியே அரிசி. இந்தச் சொற்களுக்கு அப்போது என்ன கனம் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சர்க்கார் அதை அவசரகாலம் என்றது. நாங்கள் வேலிக் காலம் என்போம். மலைக்காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் கேட் மூடிவிடும். காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். அரிசி அளந்துதான் கிடைக்கும். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வெறும் தண்ணீரோடு போய், வெறும் வயிற்றோடு திரும்பவேண்டும். கேட்டில் ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் தடவிப் பார்ப்பார்கள். மடியில் ஒரு வறுத்த கடலை இருந்தாலும் கேள்வி வரும்.

அகப்பட்டால் ஜெயில். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகவும் பேச்சு. இங்கேயே பிறந்தவர்களுக்கு இந்தியா என்றால் எந்தத் திசை என்றே தெரியாது.

எங்கள் தோட்டம் மலாயாவில் அசாம் ஜாவா, பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருந்தது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.

ஏழாம் வகுப்பு மட்டுமே தேறிய நான் எப்படி ஆசிரியை ஆனேன் என்பதைச் சென்ற வாரம் நீட்டி முழக்கி எழுதிவிட்டேன். அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கம் இதுதான்: வேறு ஆள் கிடைக்கவில்லை.

கோடு கிழித்த கரும்பலகை

எங்கள் தோட்டத்தில் ஜாவா வம்சத்து மலாய்க்காரக் குடும்பங்களும் சில இருந்தன. அவர்கள் பிள்ளைகள் முன்பெல்லாம் ரோட்டோரமாக நடந்து கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பள்ளிக்குப் போவார்கள். வேலி வந்தபிறகு அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்தது. தாய்மார் சிறுசுகளை அனுப்ப மறுத்துவிட்டார்கள். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை யோசித்து, அசாம் ஜாவாவிலிருந்து ஒரு மலாய் ஆசிரியையைத் தினமும் வந்து போகச் சொன்னார். அவள்தான் சரிபா.

இடம்? என் வகுப்பு நடந்த அதே கொட்டகைதான். அரைச்சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கரும்பலகை. எங்கள் பள்ளித் தலைமையாசிரியரைப் பெரிய வாத்தியார் என்போம். அவர் வந்து பலகைக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டியால் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலாய். பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

தீரவில்லை. நான் 'அணில்' என்றால் அந்தப் பக்கம் 'ஆயாம்' என்று வரும். ஆயாம் என்றால் கோழி. என் பிள்ளைகள் அணிலைக் கோழி என்று கூவுவார்கள். அவர்கள் சத்தத்தை மிஞ்ச நாங்கள் கத்துவோம், எங்களை மிஞ்ச அவர்கள் கத்துவார்கள். பக்கத்துக் கொட்டகையில் ஏணையில் தூங்கும் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அவை வேறு கத்தும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒருநாள் வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டு பேரும் பாடம் நடத்தறீங்களா, மீனு ஏலம் போடறீங்களா?"

சரிபாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆயா நின்ற தோரணையே அவளுக்குப் போதுமாக இருந்தது. சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அன்றுதான் நாங்கள் முதல்முறையாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம் என்று சொல்லவேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கன்னத்தில் அரிசிமாவுப் பூச்சு திட்டுத்திட்டாக இருக்கும். சைக்கிளில் வருவாள், அதனால் பாதிப் பூச்சை வேர்வை கொண்டுபோயிருக்கும்.

பல்லி ஏன் விழவில்லை

அவளுடைய மாணவன் சாமாட் ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மலாயில் கேட்டான், பல்லி தலைகீழாக நடக்கிறதே, ஏன் விழவில்லை என்று. எனக்கு அந்த அளவு மலாய் கடைத்தெருவில் பழகியதுதான். நான் கிறிஸ்தவப் பெண், ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவள். கர்த்தர் அப்படிப் படைத்தார் என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

சரிபா கூரையை அண்ணாந்து பார்த்தாள். "எனக்குத் தெரியலையே" என்றாள். ஒரு ஆசிரியை வகுப்பில் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு, "மாரி தெங்கோ" என்றாள். வா, பார்ப்போம் என்று அர்த்தம்.

அவ்வளவுதான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தரையில் மல்லாந்து படுத்துப் பல்லியைப் பார்த்தார்கள். எவனோ ஒருவன் ஒன்றைப் பிடித்துவந்தான். சிலேட்டில் விட்டுக் கவிழ்த்துப் பார்த்தோம், விழவில்லை. தண்ணீர் தெளித்துக் கவிழ்த்துப் பார்த்தோம், வழுக்கியது. ஏன் என்று கடைசிவரை எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பள்ளி விடும்போது தமிழ்ப் பிள்ளைகள் 'சிச்சா' என்றும் மலாய்ப் பிள்ளைகள் 'பல்லி' என்றும் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையில் இருந்த கோட்டை எந்தச் சட்டைக் கை துடைத்தது என்றும் தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் ஒரு கேள்வி. பிள்ளைகள் அதற்கு 'தெங்கோ பாடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேள்வியைப் பிள்ளைகள் கேட்கவேண்டும். பதிலை நாங்கள் சொல்லக்கூடாது, போய்ப் பார்க்கவேண்டும். பார்த்ததை இரண்டு பாஷையிலும் சொல்லவேண்டும். எறும்பு மழைக்கு முன்னால் எங்கே போகிறது, கித்தா என்னும் ரப்பர் மரத்துப் பாலை வெயிலில் வைத்தால் என்ன ஆகும், நிழல் மத்தியானம் ஏன் குட்டையாகிறது. வேலிக்குள் எவ்வளவு உலகம் இருந்தது என்று நானும் அப்போதுதான் பார்த்தேன்.

பெரிய வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. "அடியாத மாடு படியாது ரோசம்மா. நீங்க என்னடான்னா மாட்டுக்கிட்ட போயி எந்தப் பக்கம் மேயலாம்னு கேக்கறீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போனதும் சரிபாவுக்கு அதை மலாயில் சொன்னேன். மாட்டுக்குத்தானே புல் இருக்கும் இடம் தெரியும் என்றாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியெல்லாம் பார்த்த என் பேத்தி, இந்த முறைக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது என்கிறாள். இருக்கட்டும். எங்களுக்கு அது இரண்டு பெண்கள் ஒரே அறையில் கத்தாமல் பிழைக்கக் கண்டுபிடித்த வழி.

வள்ளி கேட்டது

வள்ளிக்கு ஆறு வயது. வீட்டில் ஐந்தாவது பிள்ளை. ஒருநாள் காலையில் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், சோத்த நட்டா இன்னும் சோறு காய்க்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த நாளில் எங்கள் வகுப்பில் சோற்றைப் பற்றி யாரும் சிரிக்கமாட்டார்கள். ராத்திரி அம்மா பானையைச் சுரண்டும் சத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கித்தாக் கொட்டை விழுந்த இடத்தில் முளைக்கிறது, புளியங்கொட்டை முளைக்கிறது, அப்படியானால் ஒரு கைப்பிடிச் சோற்றை நட்டால் என்ன? வள்ளி இதைப் பல ராத்திரி யோசித்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நான் நெற்பயிரைக் கண்ணால் பார்த்ததில்லை. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவள். எனக்கு அரிசி சாக்கில் வரும். சோறு முளைக்காது என்று தெரியும். பச்சரிசி முளைக்குமா, புழுங்கலரிசி முளைக்குமா என்று யாராவது மடக்கியிருந்தால் விழித்திருப்பேன்.

சரிபாவுக்குத் தெரியும். தஞ்சோங் காராங் பக்கம் அவள் மாமாவுக்கு வயல் இருந்தது, நாற்று நட்ட கை அவளுடையது. நான் வள்ளியின் கேள்வியை மலாயில் சொன்னதும், அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். நாசி, பெராஸ், பாடி என்று மூன்று விரலை நீட்டினாள். என் பிள்ளைகள் பதிலுக்குச் சோறு, அரிசி, நெல்லு என்றார்கள். அட, உங்களுக்கும் மூணா என்று இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

"உனக்குத்தான் தெரியுமே, சொல்லிடேன்" என்றேன் அவளிடம்.

"நான் சொன்னா வாய மூடிக்குவா. நட்டா தினம் வந்து பார்ப்பா" என்றாள்.

எந்த வீட்டிலும் அரிசி மிச்சமில்லாத காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கு நாலு மணி கொண்டுவந்தார்கள். பத்தாத அரிசியில பாடம் வேறயா என்று தாய்மார் ஏசினார்கள். வள்ளி தன் தட்டிலிருந்து ஒரு கவளம் சோற்றை இலையில் பொத்திக் கொண்டுவந்தாள். சரிபா மறுநாள் தோளில் போட்ட செலண்டாங் முந்தியில் ஒரு பிடி நெல்லை முடிந்து வந்தாள். உள்ளே வருகிற தானியத்துக்குக் கேட்டில் தடையில்லை. காவலுக்கு நின்றவர் என்ன என்று கேட்டார், பாடத்துக்கு என்றாள், விட்டுவிட்டார்.

சோறு ஒரு டின், புழுங்கல் ஒரு டின், பச்சரிசி ஒரு டின், நெல் ஒரு டின். கொட்டகைச் சுவரோரம் வைத்தோம். அன்றைக்கே லயத்துக் கோழிகள் வந்து கிளறிவிட்டன. பிள்ளைகள் அழுதார்கள். மறுபடி நட்டோம். மறுபடி கோழி. மூன்றாம் முறை நட்டபோது, கோழிக்கு எட்டாத இடம் எது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் பாடத்தின் வழக்கப்படி, பார்த்துச் சொல்லுங்கள் என்றோம்.

வள்ளியும் சாமாட்டும் பார்த்தார்கள். மத்தியானம் முழுக்கக் கோழிகளின் பின்னாலேயே சுற்றினார்கள். தோட்டத்தில் கோழி மேயாத இடம் ஒன்றே ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம், புல்லைச் செதுக்கி வெறுமையாக்கிய மண். அங்கே ஆளும் போவதில்லை, கோழியும் போவதில்லை. கம்பிக்கு அடியில் மழை அரித்த பள்ளம் இருந்தது. இரண்டு பேரும் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, நான்கு டின்னையும் அந்தப் பக்கம் தள்ளி, கழுத்தளவு மண்ணில் பதித்துவைத்தார்கள்.

எங்களிடம் இடத்தைச் சொல்லவில்லை, பத்திரமா இருக்கு என்று மட்டும் சொன்னார்கள். முளைத்தபிறகு காட்டுவதாகத் திட்டம்.

மறுபடி ஆபீஸ் வாசல்

ஒரு வாரம் போயிருக்கும், காவல் சுற்றிவந்தவர்கள் ஒரு விடியற்காலையில் டின்களைக் கண்டார்கள். வேலிக்கு வெளியே, ஒரு கை நீட்டும் தூரத்தில், மண்ணுக்குள் அரிசி. காட்டுக்குப் போகிற அரிசி என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? பக்கத்து லயத்து ஆண்களை இழுத்துவந்து குந்தவைத்தார்கள். கேட் மூடப்பட்டது. அன்றைக்கு யாரும் பால்வெட்டப் போகவில்லை. நான் பிள்ளைகளோடு ஆபீஸ் வாசலுக்கு ஓடினேன், வழியில் வள்ளி நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டாள்.

நெல் எங்கேயிருந்து வந்தது, இந்தத் தோட்டத்தில் ஏது நெல் என்று சார்ஜன் கேட்டார். அதற்குள் சரிபா சைக்கிளில் கேட்டுக்கு வந்து, விஷயம் கேள்விப்பட்டு, நேராக ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"சாயா" என்றாள். நான்தான்.

நான் முன்னால் போனேன். "நாங்க ரெண்டு பேரும்தாம்பா. பாடத்துக்கு வச்சது. புள்ளைங்க தெரியாம வெளிய தள்ளிட்டாங்க. சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா அதிகாரியிடம் திரும்பினார். இங்கிலீஷில் சொன்னார். மலாய் டீச்சர் பாடத்துக்கென்று நெல் கொண்டுவந்தாள், பிள்ளைகள் விவரம் தெரியாமல் வெளியே வைத்துவிட்டார்கள் என்று சொன்னார். எல்லாம் சரிதான். ஒன்றே ஒன்று அதில் இல்லை. நான் இல்லை.

எனக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் அந்த வாக்கியத்தில் நான் இல்லாததைக் கண்டுகொள்ளும் அளவுக்கு வரும். "மீ ஆல்சோ, சார்" என்றேன். நானும்தான் ஐயா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார், டின்களைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. பூட்ஸ் முனையால் கடைசி டின்னைத் தள்ளினார். அது உருண்டு மண்கட்டி முழுதாக வெளியே வந்து உடைந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக வேர். மேலே ஊசி ஊசியாகப் பச்சை.

அவ்வளவுதான், பிள்ளைகளுக்குத் துப்பாக்கியும் மறந்தது, சார்ஜனும் மறந்தது. எல்லாரும் ஓடிப்போய்க் குனிந்தார்கள். நெல்லு முளைச்சிருச்சு, நெல்லு முளைச்சிருச்சு என்று இவர்கள். பாடி சுடா தும்போ என்று அவர்கள். சிறிது நேரத்தில் யார் எதைக் கத்துகிறார்கள் என்று பிரிக்கமுடியவில்லை. சாமாட் சார்ஜனின் கால்களுக்கு நடுவே புகுந்து அரிசி டின்களைக் கவிழ்த்துப் பார்த்தான். இரண்டிலும் பூஞ்சை.

வள்ளி ஓடவில்லை. மெதுவாகப் போய்ச் சோற்று டின்னைத் தூக்கினாள். விரலை விட்டுத் தோண்டினாள். முகர்ந்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது.

"சோறு அழுகிப் போச்சு டீச்சர்" என்றாள்.

அந்தப் பிள்ளை ஏன் அழுகிறது என்று அதிகாரி கேட்டார். அப்பா வள்ளியைப் பார்த்தார். பிறகு, சோற்றை நட்டால் சோறு விளையும், வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிடலாம் என்று நினைத்தாள், விளையவில்லை, அதனால் அழுகிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அதில் ஒரு சொல்லையும் விடவில்லை.

அதிகாரி தொப்பியைத் தலையில் வைத்தார். குந்தியிருந்தவர்களை எழுந்து போகச் சொன்னார். மாரிமுத்து வந்து வள்ளியைத் தூக்கிக்கொண்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

பிறகு போகிறபோக்கில் அதிகாரி, ஆபீஸ் வாசற்படியில் நின்ற பெரிய துரையிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார். வெளியாள் யாரும் இனித் தோட்டத்துக்குள் வரக்கூடாது. சரிபாவின் அனுமதிச் சீட்டை இன்றே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கவிழ்ந்த மண்ணில் கோழிகள் மேய ஆரம்பித்தன. யாரும் விரட்டவில்லை.

கேட்டருகில்

அவள் போகும்போதும் வழக்கம்போல் சோதனை போட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினாள். அவள் கொண்டுவந்ததை அன்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, வெளியே கொண்டுபோகவும் முடியாது. கேட்டில் நின்ற பெண் அதை வாங்கிக் கீழே கொட்டினாள். சரிபா காலித் தூக்கை மூடிக்கொண்டாள்.

நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"சாமாட்டுக்கு எடது காது சரியா கேக்காது. முன்னாடி உக்கார வை. அவன் கேட்டாலும் கேக்காத மாதிரிதான் இருப்பான், அதுக்காக அடிச்சிடாத."

சரி என்றேன். சைக்கிளில் ஏறினாள். செம்மண் ரோட்டில் அந்தச் சைக்கிள் வளைவு திரும்பும்வரை நின்றேன். அந்த அறையில் இனி எனக்கு அவளைப்போல் யாரும் தோழியாக வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன்பிறகு எத்தனையோ பள்ளியில், எத்தனையோ நல்ல ஆசிரியைகளோடு வேலை பார்த்தாயிற்று. அன்று தெரிந்தது பொய்க்கவில்லை.

அப்பாவோடு நான் பேசவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன், அவரே ஆரம்பித்தார்.

"என்னைய என்னா பண்ணச் சொல்ற ரோசு? ஒன் பேரச் சொல்லி அவன் ஒன்னையும் கொண்டு போயிருந்தா? அந்தப் பொண்ணுக்கு வெளிய ஒரு வீடு இருக்கு. நமக்கு இந்த வேலிக்கு வெளிய என்னா இருக்கு?"

எனக்குக் கோபம் போகவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் கோபத்தை இன்னும் வளர்த்தது.

ஒரு சொல் போதும். சோறு முளைக்காது என்று முதல்நாளே அவள் சொல்லியிருந்தால் டின் இல்லை, நெல் இல்லை, அவள் போயிருக்கவும் மாட்டாள். இத்தனை வருஷத்தில் இதை எத்தனை முறை நினைத்திருப்பேன். ஆனாலும் அவள் சொல்லியிருக்கலாம் என்று நினைக்க மனம் ஒப்புவதில்லை. சொல்லியிருந்தால் அது சரிபா இல்லை.

அவள் இல்லாத அறை

மலாய்ப் பிள்ளைகள் வேலிக்குள் இருக்கிறார்கள், ஆசிரியை வேலிக்கு வெளியே. பெரிய வாத்தியார் வந்து பலகையில் மறுபடி கோடு கிழித்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் எழுத ஆளில்லை. நான்தான் எழுதினேன்.

கடைத்தெரு மலாயை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்டமுடியும்? வாயைத் திறந்தாலே பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள்.

"சேகு சரிபா அப்படிச் சொல்லமாட்டாங்க" என்பான் சாமாட். டீச்சரை அவர்கள் சேகு என்பார்கள்.

"எப்படிச் சொல்லுவாங்க?"

சொல்லிக் காட்டுவான். நான் திருப்பிச் சொல்வேன். சரியில்லை என்பான். மறுபடி சொல்வேன். தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். இல்ல டீச்சர், சேகு அந்த எடத்துல இழுப்பாங்க என்று வள்ளி திருத்துவாள். இப்படியே வருஷம் ஓடியது. அவள் சொன்ன கதைகளை, அவள் கூப்பிடும் விதத்தை, கோபம் வந்தால் அவள் சொல்லும் சொல்லைக்கூட, அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகினேன். தெங்கோ பாடத்தையும் விடவில்லை. வேலிக்குள்ளேயே பார்க்கக்கூடியவற்றை மட்டும் பார்த்தோம்.

கேட்டில் கெடுபிடி தளர்ந்த காலத்தில், அப்பா தானாகவே ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அசாம் ஜாவாவுக்குப் போயிட்டு வந்திடலாம்" என்றார். போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வேறு குடும்பம் இருந்தது. சரிபாவுக்குக் கல்யாணமாகிப் பேராக் பக்கம் போய்விட்டாள், பெற்றவர்களும் கூடவே போய்விட்டார்கள் என்றார்கள். பேராக்கில் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் அப்பா எனக்கு ஐஸ் கட்டி வாங்கிக் கொடுத்தார், சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதுபோல. நான் அதைச் சாப்பிட்டேன். அன்றோடு அவர்மேல் இருந்த கோபமும் முடிந்தது.

மீன் வாங்கப் போனபோது

சில மாதங்களுக்கு முன் கோலசிலாங்கூரில் மீன் வாங்கப் போயிருந்தேன். முழங்கால் வலி, மகன் காரை வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். தலையில் குல்லா போட்ட ஒரு நடுவயது மீன்காரர். கெண்டை என்ன விலை, நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று மலாயில் கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சேலை, என் வெள்ளை முடி, என் கழுத்துச் சிலுவை எல்லாவற்றையும் பார்த்தார்.

"மாசி ஜாவாக்காரங்களா?" என்று மலாயில் கேட்டார். வயதான பெண்களை மரியாதையாக மாசி என்பார்கள்.

இல்லையே, தமிழ் என்றேன்.

"இல்ல, நீங்க பேசறது எங்க பாட்டி பேசற மாதிரி இருக்கு. இந்தக் காலத்துல எங்க ஆளுங்களே இப்படிப் பேசறதில்ல. அசாம் ஜாவா பக்கத்துப் பழைய ஆளுங்க பேச்சு இது."

இத்தனை வருஷமாக நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் என்னைத் திருத்தித் திருத்தி, அவள் குரலை என் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுத்தவங்க அந்த ஊர்க்காரங்க என்றேன். பேர் என்ன என்றார். சரிபா என்றேன். அவர் யோசித்துவிட்டு, எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு சரிபா இருக்காங்களே மாசி என்று சிரித்தார்.

மகன் காரிலிருந்து ஹாரன் அடித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கெண்டை போதும்தான், ஆனாலும் பக்கத்துக் கூடையில் இருந்தது என்ன மீன் என்று கேட்டேன். அதை எப்படிச் சமைப்பது, முள் எடுக்கவேண்டுமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக மலாயில் கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் சொன்ன பதில் ஒன்றும் நினைவில்லை. நான் பேசியதைத்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.